மடக்கிய விரல்

சேசு மரி சூசை துணை

வடபழனி,
12.2.91

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. நீ கொடுத்தனுப்பிய கஷாயப் பொடியால்தான் என்று சொன்னால் சந்தோஷப்படுவாய், ஆனால் அது தானாகத்தான் போனது. மாமாவும் ஜெர்சியும் சௌக்கியமா? ஜெர்சி புத்தகத்தைத் தொடுகிறாளா, இல்லை எந்நேரமும் மரத்தின் மேல்தானா?

ஒரு பெரிய செய்தி. எங்கள் சினிமா எழுத்தாளர் சங்கத்தில் என்னை ஒரு விசாரணைக் குழுவில் போட்டிருக்கிறார்கள். மூன்று பேர் குழு, மற்ற இருவரும் மலை மாதிரி ஆட்கள். அடுத்தவர் எழுதிய வசனத்தைப் பிரதி எடுத்தே காலம் தள்ளிய உன் தம்பிக்கு இது என்ன மரியாதை என்று யோசித்துப் பார். கதைத் திருட்டுப் புகார். யார் மேல் என்று கேள். டைரக்டர் பாண்டுரங்கன் சார் மேல்!

பொங்கலுக்கு வந்த அவர் படத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். அதில் ஒரு ரயில் நிலையக் காட்சி வருகிறது. போலீஸ் கதாநாயகனை ரயிலில் ஏற்றிவிட்டது. அவள் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். இஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்காது. அவன் ஜன்னல் கம்பி வழியாகக் கையை உயர்த்துகிறான், மோதிர விரலை மட்டும் மடக்கி. அவளும் அதே விரலை மடக்கிக் கையை உயர்த்துகிறாள். அவ்வளவுதான், ஒரு வசனம் கிடையாது. தியேட்டரில் முறுக்கு விற்கிறவன்கூட அசையாமல் நின்றுவிட்டான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸில் இப்படித்தான் ஒருவருக்கொருவர் கை காட்டிக்கொள்கிறார்கள்.

இந்தக் காட்சி தன் நாடகத்திலிருந்து எடுத்தது என்கிறார் ஒருவர். பெயர் நரசிம்மன். மாமா தகடு அடிக்கும் அதே கம்பெனி! எண்பத்தொன்பது ஆயுத பூஜைக்கு உங்கள் பிரஸ் ஷாப்பில் போட்ட நாடகமாம், மாமாதான் கதாநாயகனாம். நீ ஒரு வரி எழுதவில்லையே?

மாமா நடித்ததைச் சங்கத் தலைவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். “நடிச்சா இன்னாப்பா, எழுதுனவன் உனக்கு ஒறவா?” என்றார். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுதியவர் உறவாக இருந்தால் குழுவில் உட்காரவே முடியாது. பாண்டுரங்கன் சாரும், “பையன் இருக்கட்டும்” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

விசாரணை முடியும்வரை நான் அந்தப் பக்கம் வரக் கூடாது. கடிதம் எழுதிக் கேட்கத் தலைவர் அனுமதித்திருக்கிறார், உன் பதிலை அவரும் படிப்பார். அன்று பாண்டுரங்கன் சார் விருந்தாளியாக வந்தாராமே, நாடகத்தைப் பார்த்தாரா? நடந்ததை நடந்தபடி எழுது.

உன் தம்பி,
சாம்ராஜ்


சேசு மரி சூசை துணை

ஒரகடம்,
21.2.91

தம்பி சாம்ராஜுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். தவக்காலம் என்று ஜெர்சி மிட்டாயை விட்டிருக்கிறாள், மரத்தை விடவில்லை.

படத்தை நான் பார்த்திருக்க மாட்டேன் என்று நீயாக எப்படி முடிவு செய்தாய்? பிரஸ் ஷாப் மொத்தமும் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போய்ப் பார்த்தோம். அந்தக் காட்சி வந்ததும் நம் ஆட்கள் எழுந்து கத்திவிட்டார்கள். தியேட்டர்க்காரர் வந்து விளக்கைப் போட்டார். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். பாண்டுரங்கன் அன்று ஆறு மணிக்கு வர வேண்டியவர். வாலாஜாபாத் ரோட்டில் கார் பஞ்சராகி நின்றுவிட்டது. முதலாளி ஊருக்குப் போக வேண்டும் என்று நாடகத்தை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். பாண்டுரங்கன் வந்தபோது நாடகம் முடியும் தறுவாய். முன்வரிசைக்கு அழைத்துப் போனால் நாடகம் கெடும் என்று அவரே பின்னால் நின்றுகொண்டார். பிறகு மாலை போட்டார்கள், பரிசு கொடுத்தார், கிளம்பிவிட்டார். குடும்பங்கள் ஷெட் ஓரமாக உட்கார்ந்திருந்தோம், என் கண்ணால் பார்த்தேன்.

நோட்டீசில் ‘கதை, வசனம், இயக்கம்: நரசிம்மன்’ என்று இருக்கிறது. இந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. டோக்கன் நம்பர் உள்ள தொழிலாளி பேர்தான் நோட்டீசில் வரும், அவர்தான் மேடை ஏறலாம். அதனால் பெண் வேஷமும் ஆண்கள்தான். கதாநாயகியாக நரசிம்மனே நடித்தார். மீசையை எடுத்ததற்கு அவர் மனைவி ரத்னா ஒரு வாரம் பேசவில்லை.

பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
கிளாரா


வடபழனி,
6.3.91

அன்புள்ள அக்கா,

வேளைக்குச் சாப்பிடுகிறேன், அதிலும் நேற்று சங்கத்தில் பிரியாணி. உன் கடிதத்தைத் தலைவர் வாய்விட்டுப் படித்தார். “ஒங்க அக்கா எழுத்து சோக்கா கீதுப்பா” என்றார். மீசை இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் விசாரணை முடிந்தது. பாண்டுரங்கன் சாரை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி, கையில் ஒரு காகிதம் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் மாதிரியே இல்லை, எங்களுக்குப் பாடம் நடத்த வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். “கைஜாடையில பேசறது ஒலகம் பூரா இருக்கு. நாடகத்துல கம்பெனி கேட், என் படத்துல ரயிலு. அங்க ஒரு கூட்டம், இங்க ரெண்டு காதலர்கள். எதை எதுலேருந்து எடுத்தேன்?” என்றார். மோதிர விரல் ஏன் என்று கேட்டேன். “மோதிரம் போட முடியாத கல்யாணம் அது. அதான் அந்த வெரல மடக்கறான்” என்றார். இப்படி ஒரு மனிதர் திருடுவாரா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

உங்கள் நரசிம்மன்தான் சொதப்பிவிட்டார். நாடகம் பிரதியாகக் கிடையாதாம், ஒத்திகையில் வாயால் சொல்லிச் சொல்லியே போட்டதாம். சரி, அந்த மனைவி கடைசியில் ஏன் விரலை மடக்குகிறாள் என்று எங்கள் குழுப் பெரியவர் கேட்டார். நரசிம்மன் வேர்த்துக் கொட்டி, “அது… அப்பிடித்தான் சார் வரும். செஞ்சா எல்லாரும் அழுவாங்க சார்” என்றார். பெரியவர் என் காதில், “எழுதுனவனுக்குத் தெரியாதா? இது நிக்காதுப்பா” என்றார்.

அடுத்த விசாரணையில் புகாரைத் தள்ளிவிடுவார்கள். நரசிம்மன் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். அந்தக் காட்சி மேடையில் எப்படி வந்தது? நீ பார்த்தாயே, அதை மட்டும் எழுது.

சாம்ராஜ்


ஒரகடம்,
14.3.91

தம்பிக்கு,

எல்லோரும் நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிரஸ் ஷாப்பில் மிஷின் சத்தத்தில் பேச முடியாது, எல்லாம் கைதான். ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவன், உள்ளே போகிறவனுக்குக் கையை விரித்துக் காட்டுவான். ‘அஞ்சும் இருக்கு, பத்திரமாகப் போகிறேன்’ என்று அர்த்தம். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. புதிதாகச் சேர்ந்தவன்கூட மறுநாளே காட்டுவான். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று பார்த்தால் தெரியும், நூறு கைகள் விரிந்து போகும். நான் பார்க்கும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்வேன்.

நாடகத்தில் ஒரு நாள் உள்ளே விபத்து. கேட்டை மூடிவிடுகிறார்கள். யாருக்கு என்று தெரியாமல் வெளியே பெண்கள் கத்துகிறார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக உள்ளே லாரி மேல் ஏறித் தன் வீட்டுக்காரிக்குக் கையை விரித்துக் காட்டுகிறார்கள். கடைசியாக ஏறுகிறவன் துணிக்கட்டைப் பிரித்துவிட்டுக் கையைத் தூக்குகிறான். நான்குதான் இருக்கிறது. உங்கள் மாமாவுக்கு மோதிர விரல் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த வேஷம் அவருக்கு.

அவள் ஏன் மடக்குகிறாள் என்றா கேட்டார் உங்கள் பெரியவர்? அவன் அத்தனை பேர் முன்னால் குறைந்த கையோடு நிற்கிறான். அழுதால் அவன் குறைந்தவன் ஆகிவிடுவான். அதனால் தன் கையையும் நான்காக்கிக் காட்டுகிறாள். உனக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம் என்கிறாள். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

மோதிர விரலைத் தனியாக மடக்கிப் பார், முடியாது. சுண்டு விரலும் கூடவே குனியும். நரசிம்மனுக்கு அந்த விரலை உள்ளங்கையோடு சேர்த்துக் கறுப்பு நூலால் கட்டிவிட வேண்டியிருந்தது. தானாக ஒரு ஜாடையை யோசிக்கிறவன் செய்ய முடியாத ஜாடையையா யோசிப்பான்?

அந்தப் படத்தில் யாருக்காவது விரல் போகிறதா? போகவில்லை. பிறகு ஏன் நான்கு? பாண்டுரங்கன் விபத்துக் காட்சி முடிந்த பிறகு வந்தவர். பின்னாலிருந்து பார்த்தவருக்கு, இல்லாத விரல் மடக்கிய விரலாகத் தெரிந்திருக்கிறது. புரியாமல் அப்படியே கொண்டுபோய்விட்டார். இதைக் கேள்.

சூடாக எழுதிவிட்டேன். நரசிம்மன் சொல்லத் தெரியாமல் நின்றார் என்று கேட்டதும் தாங்கவில்லை.

கிளாரா


வடபழனி,
19.4.91

அன்புள்ள அக்கா,

ஈஸ்டர் பாஸ்கா பூசை நல்லபடியாக நடந்ததா? என்னால் வர முடியவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். ஆனால் நேற்று நடந்ததைக் கேட்டால் மன்னித்துவிடுவாய்.

உன் கடிதத்தைத் தலைவரிடம் கொடுக்குமுன் இரண்டு முறை படித்தேன். மாமாவின் கையை எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்! அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லையே. அந்த மனைவியின் மனதை நீ நாலு வரியில் எழுதியிருந்தாய், அதற்குப் பிறகு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. நரசிம்மனுக்குப் பேசத்தான் வராது, எழுத்தில் அவர் பெரிய ஆள் அக்கா. பிரஸ் ஷாப்புக்குள் இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பிரமித்துப் போனேன்.

நேற்று பாண்டுரங்கன் சாரிடம் நான்தான் கேட்டேன். “சார், படத்துல யாருக்கும் வெரல் போகலியே, அப்புறம் ஏன் சார் நாலு?” பதிலுக்கு அதே மோதிரக் கதையை ஆரம்பித்தார். நான் நாடகத்தில் அந்தக் கை எப்படி வருகிறது என்று சொன்னேன். லாரி, கட்டு, நான்கு விரல், அவள் செய்வது, எல்லாம். பாதியில் அவர் தன் கையைத் தூக்கி விரலை மடக்கிப் பார்த்தார். சுண்டு விரலும் குனிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். “ட்யூப்லைட் வெளிச்சம். எதிர்ல ஒருத்தன் கைய தூக்கினு நிக்கறான். கிரவுண்டே மூச்சு வுடாம கீது. பாத்தேன்பா. கதை புரியாமயே எனக்குத் தொண்டைய அடச்சிடுச்சு. அப்புறம் மறந்துட்டேன். ஸ்கிரிப்ட் எழுதும்போது அது வந்துச்சு, நானே யோசிச்சதுன்னு நெனச்சேன். மோதிரக் கதையெல்லாம் பேட்டி குடுக்க நானே கட்டுனது. கட்டிக் கட்டி நானே நம்பிட்டேன்.”

அக்கா, அந்த அறையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதர், அவ்வளவு சின்னக் குரல்.

குழு முடிவு செய்துவிட்டது. படத்தின் புதுப் பிரதிகளிலும் தெலுங்கில் எடுக்கப்போகும் படத்திலும் ‘மூலக்கதை’ என்று நரசிம்மன் பெயர் வரும். மே கடைசியில் அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போகும்போது பாண்டுரங்கன் சார் என்னைத் தனியாக அழைத்து, “அந்த நரசிம்மன் நல்ல நடிகர். எழுதினது அவர் இல்ல. எழுதினவங்கள நான் ஒரு தடவ பாக்கணும்” என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை.

சாம்ராஜ்


ஒரகடம்,
18.6.91

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் எழுதிவிடுகிறேன். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை உலகமே பேசுகிறது, நான் என்ன எழுத. கம்பெனி சில நாள் திறக்கவில்லை. பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதனை. ஊர்ப் பேரைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் நம் முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நரசிம்மன் கையெழுத்துப் போட வராதது அதனால்தான். பூந்தமல்லியில் இறக்கி விசாரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜூலையில் வருவார். வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மேலே மேலே எதுவும் கேட்க வேண்டாம், அவருக்குக் கூச்சம் அதிகம். பாண்டுரங்கன் சொன்னதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஜெர்சிக்கு அம்மை வந்து இறங்கியிருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

கிளாரா


ஒரகடம்,
30.6.91

மச்சான் சாம்ராஜுக்கு அருள்நாதன் எழுதுவது. குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. உன் அக்கா பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

அந்த நாடகம் உன் அக்கா எழுதியது. முழுசும் அவள் சொல்லச் சொல்ல நரசிம்மன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணினான். டோக்கன் இல்லாததால் அவள் பேர் போடவில்லை. அவளும் கேட்கவில்லை. பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் நாடகம் எழுதுகிறாளே, அதுபோல் இதுவும் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

நரசிம்மன் இப்போது கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். “அண்ணி எழுதுனதுக்கு நான் பேர் போட்டுக்கினா என் வூட்ல சோறு எறங்காது” என்கிறான். இவள், “போட்டுத்தான் ஆவணும், என் தம்பி மானம் இதுல கீது” என்று அவனை மிரட்டுகிறாள். நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு விரல் போன அன்று நிஜமாகவே கேட்டை மூடினார்கள், நான் நிஜமாகவே லாரி மேல் ஏறிக் கையைக் காட்டினேன். ஆனால் உன் அக்கா விரலை மடக்கவில்லை. கத்திக் கீழே விழுந்துவிட்டாள். எழுப்பித் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அன்றைக்குச் செய்ய முடியாததை யோசித்து யோசித்து மூன்று வருஷம் கழித்து நாடகத்தில் செய்தாள். ஒத்திகையில் அதை முதல் தடவை பார்த்தபோது நான் லாரியை விட்டு இறங்கிப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கூட இருந்து குடும்பம் நடத்துகிறவள்தான், ஆனால் அவளுக்குள் இவ்வளவு இருப்பது எனக்குத் தெரியாது மச்சான்.

நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தாலும் பரவாயில்லை.

அருள்நாதன்


வடபழனி,
9.7.91

அக்கா,

ஜெர்சிக்கு முழுக்கக் குணமாகிவிட்டதா? மாமா மேல் கோபப்படாதே.

எல்லாம் தெரிந்துவிட்டது. நரசிம்மனைப் பெரிய ஆள் என்று உனக்கே எழுதியிருக்கிறேன், நீ எப்படிச் சிரித்தாயோ. பாண்டுரங்கன் சாரைக் கடவுள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தொண்டையை அடைக்க வைத்தது நீ. எனக்குச் சோறு போட்டுத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பின நீ.

தலைவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ‘அக்காளுக்காகத் தம்பி எழுதின தீர்ப்பு’ என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. முடிவும் ரத்து. பாண்டுரங்கன் சார் வெளிப்புறப் படப்பிடிப்பில் இருக்கிறார். அவர் வாயால் சொன்னது எழுத்தில் இல்லை என்று தயாரிப்பாளர் பிடித்துக்கொண்டார். ஒரு பெண்பிள்ளை, கிராமத்து டீச்சர், இதை எழுதியிருக்கவே முடியாது, தம்பி எழுதிக் கொடுத்திருப்பான் என்கிறார். உன்னுடைய மார்ச் மாதக் கடிதமே நான் சொல்லித்தந்தது என்கிறார்.

புதிய குழு கேட்பது இது: நீ நேரில் வர வேண்டும். அவர்கள் ஒரு சூழ்நிலை கொடுப்பார்கள். அங்கேயே உட்கார்ந்து, அவர்கள் கண்ணெதிரில் ஒரு காட்சி எழுத வேண்டும். எழுதினால் உன் பேர். இல்லையென்றால் புகார் தள்ளுபடி.

வருவாயா?

சாம்ராஜ்


ஒரகடம்,
16.7.91

டேய்,

உன்னை யார் போய்ச் சொல்லச் சொன்னது? உனக்கு முதன்முதலாக ஒரு நாற்காலி கொடுத்தார்கள் என்று குதித்துக்கொண்டு எழுதியிருந்தாய். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. நீ உறவில்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகுதானே நீ அந்தக் குழுவில் இருப்பதே எனக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். நாடகம் நிலைத்தால் போதும், பேர் யாருடையதாக இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். காஞ்சிபுரத்தில் அந்தக் காட்சிக்குப் பிறகு, படம் முடிந்து பாண்டுரங்கன் பேர் திரையில் பெரிதாக வந்தபோது என் வயிறு எரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

ஆனால் தம்பி எழுதிக் கொடுத்திருப்பான் என்றானாமே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நீயா! ‘கண்ணீர் மல்க’ என்ற வார்த்தை இல்லாமல் உனக்கு ஒரு பக்கம் எழுத வருமா?

வருகிறேன். தேதியைச் சொல்.

கிளாரா


வடபழனி,
12.8.91

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? நீ ஒன்றுமே சொல்லாமல் மாமாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். சிரித்தாயா அழுதாயா என்றுகூடத் தெரியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாய்.

என்னை உள்ளே விடவில்லை. மாமாவும் நானும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாமா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் பாண்டுரங்கன் சார் கார் வந்து நின்றது. அவர் வருவார் என்று யாரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, நேரே உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது, எதையோ படிக்கிற மாதிரி. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம். நீ வெளியே வந்தாய்.

தலைவரைக் கேட்டால், “ஒங்க அக்காவையே கேளு” என்கிறார். முடிவு உன் பக்கம் என்று மட்டும் தெரியும். என்ன எழுதினாய்? அவர் என்ன சொன்னார்? இனி தாங்காது, எழுது.

சாம்ராஜ்


சேசு மரி சூசை துணை

ஒரகடம்,
20.8.91

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இதை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. அதனால்தான் தாமதம்.

உள்ளே தலைவரோடு நான்கு பேர், அந்தத் தயாரிப்பாளர், நான். காகிதம், பேனா கொடுத்தார்கள். “ஒரு வீடு. புருஷன் பொண்டாட்டி. கரண்டு போய்டுது. எழுதும்மா” என்றார் ஒருவர். தயாரிப்பாளர் கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். முதலில் கை ஓடவில்லை. அப்புறம் உங்கள் மாமாவை நினைத்துக்கொண்டேன். மிஷின் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகி வருகிறது, உனக்கு எழுதவில்லை. வீட்டிலும் நாங்கள் பாதி கையால்தான் பேசுகிறோம்.

அதனால் இப்படி எழுதினேன். அவனுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. அவளோடு பேச்செல்லாம் கையில்தான். ஒரு நாள் சண்டை. இத்தனை வருடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல அவள் கையைத் தூக்குகிறாள். பாதி சொல்லும்போது கரண்டு போகிறது. இனி அவள் கத்தினாலும் அவனுக்குக் கேட்காது, கையைக் காட்டினாலும் தெரியாது. இருட்டில் அவன் மட்டும், “இன்னா சொன்ன? இன்னா சொன்ன?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் தடவித் தடவி அவன் கையைத் தேடிப் பிடிக்கிறாள். அவன் உள்ளங்கையை விரித்து, அதில் தன் விரலை வைக்கிறாள். அதோடு நேரம் முடிந்தது என்று காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள்.

அப்போதுதான் பாண்டுரங்கன் வந்தார். அந்தக் காகிதத்தை அவரே எடுத்தார். நின்றபடி சத்தமாகப் படித்தார். என் வார்த்தை, அவர் குரல். நான் எழுதினதா இது என்று எனக்கே பயமாகிவிட்டது. மாதாவே, என்ன குரல் அது! ‘இன்னா சொன்ன’ என்ற இடத்தில் அவருக்குக் குரல் போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மீதியைப் படித்தார். தயாரிப்பாளர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

பாண்டுரங்கன் அங்கேயே ஒரு தாளில், அந்தக் காட்சி என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “பேர் எப்பிடிம்மா போடணும்?” என்று கேட்டார். கிளாரா என்று மட்டும் போடச் சொன்னேன். புதுப் பிரதியிலும் தெலுங்கிலும் வருமாம். எழுதி முடித்துவிட்டு அவர் போகவில்லை. என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர், கதை கேட்கிற குழந்தை மாதிரி முன்னால் குனிந்துகொண்டு கேட்டார்.

“அப்புறம்? கையில இன்னாம்மா எழுதறா? அவ சொல்ல வந்தது இன்னா?”

“சொல்ல மாட்டேன் சார்” என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. முதலில் சிரித்தவர் அவர்தான், பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள். நீ வெளியே கேட்டது அந்தச் சிரிப்பு. சிரித்து முடித்து எழுந்து, எனக்குக் கை கூப்பிவிட்டுப் போனார்.

மாமா பஸ்ஸில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். அவருக்கும் சொல்லவில்லை. உனக்கும் சொல்ல மாட்டேன், நீயும் சினிமாக்காரன்.

பத்திரமாக இரு. மாதா துணை.

உன் அக்கா,
கிளாரா